நாலு நம்பர் எடுத்த ஆயா: சாரமும் இருப்பும்

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுகதைக் கலந்துரையாடல். இளைஞர் ஒருவர் தன் கதையை வாசித்தார். கதையில் ஓர் அப்பா. இரவு முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார். மழை பெய்கிறது. மகன் அவரைப் பார்க்கிறான். இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவ்வளவுதான் கதை.

"தம்பி, அப்பா என்ன வேலை செய்றாரு?" என்று கேட்டேன்.

"அது முக்கியமில்லண்ணே. இது எக்ஸிஸ்டென்ஷியல் கதை. இருப்புதான் முதல்ல, சாரம் அப்புறம்தான்னு சார்த்தரே சொல்லியிருக்காரு."

சிலர் தலையாட்டினார்கள். நான் பதில் சொல்லவில்லை. உண்மையில் அப்போது பதில் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அவர் சொன்ன வாக்கியம் சரி. ஆனால் கதை அந்த வாக்கியத்துக்கு நேர் எதிராக இருந்தது. 'தனிமையில் வாடும் அப்பா' என்ற சாரம் முதலிலேயே முடிவாகிவிட்டது. அதற்குப் பொருந்துகிற ஜன்னலும் மழையும் சிகரெட்டும் பிறகு வந்து சேர்ந்தன. அந்த அப்பாவுக்கு இருப்பு கடைசிவரை வரவே இல்லை.

இது அவருக்கு நான் எழுதும் தாமதமான பதில். இதே தவற்றை அவருக்கு முன்பே செய்த எனக்கும் சேர்த்துத்தான்.

ஒரு சொற்பொழிவும் ஒரு கத்தியும்

1945ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று பாரிஸில் சார்த்தர் ஆற்றிய உரையிலிருந்துதான் அந்த வாக்கியம் உலகம் முழுக்கப் பரவியது. மறு ஆண்டே அது நூலாக வந்தது. அதில் அவர் காட்டும் உதாரணம் காகிதம் வெட்டும் கத்தி. கத்தியைச் செய்கிறவனுக்கு அது எதற்கு, எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் இருக்கிறது. கத்தி பிறகு வருகிறது. நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் பால்மரம் வெட்டும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், மரத்தைக் காயப்படுத்தாமல் எப்படி வளைய வேண்டும் என்பதெல்லாம் அதன் நுனியிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அங்கே சாரம் முந்தியது.

மனிதனைப் படைத்த கடவுள் என்ற கைவினைஞர் இருந்தால் மனிதனும் அப்படித்தான். அப்படி ஒருவர் இல்லையென்றால் மனிதன் முதலில் இருக்கிறான், பிறகு தன் செயல்களால் தான் யார் என்பதை உண்டாக்கிக்கொள்கிறான். சார்த்தர் சொன்னது இவ்வளவுதான். மழை, சிகரெட், சோகம் எதுவும் அதில் இல்லை. சொல்லப்போனால் அது பொறுப்பைப் பற்றிய உரை. தாயோடு இருப்பதா, இங்கிலாந்து சென்று விடுதலைப் படையில் சேர்வதா என்று தவித்த தன் மாணவன் ஒருவனை அதில் சார்த்தர் நினைவுகூர்கிறார். எந்தத் தத்துவமும் அவனுக்காக முடிவெடுக்க முடியாது என்பதே அவர் சொல்ல வந்தது.

தமிழில் இந்தச் சிந்தனை புதிதல்ல. எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' எழுபதுகளிலேயே வந்துவிட்டது. காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் பல தலைமுறை வாசகர்களின் கைகளுக்குப் போயிருக்கிறது. ஆனாலும் 'இருத்தலியம்' நமக்கு ஒரு மனநிலையின் பெயராகச் சுருங்கிவிட்டது. அதற்குக் காரணம், சாரம், இருப்பு என்ற இரண்டு சொற்களும் சார்த்தருக்கு எங்கிருந்து வந்தன என்று நாம் திரும்பிப் பார்க்காததுதான் என்று நினைக்கிறேன்.

'என்ன?' என்பதும் 'இருக்கிறதா?' என்பதும்

புகாரா அருகே 980இல் பிறந்து 1037இல் ஹமதானில் இறந்த இப்னு சினா இந்த இரண்டு கேள்விகளையும் தெளிவாகப் பிரித்தார். ஒரு பொருளைப் பற்றி 'அது என்ன?' என்று கேட்கலாம், 'அது இருக்கிறதா?' என்றும் கேட்கலாம். முதல் கேள்விக்கான பதிலை எவ்வளவு துருவினாலும் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காது. முக்கோணம் என்றால் என்ன என்று எனக்கு முழுதாகத் தெரியும். அப்படி ஒன்று உலகில் எங்காவது இருக்கிறதா என்பது அதனால் தெரிந்துவிடாது. குதிரைத்தன்மையைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது ஒன்றுமல்ல, பலவுமல்ல. வெளியே இருப்பதுமல்ல, மனத்தில் இருப்பதுமல்ல. அது வெறும் குதிரைத்தன்மை. இருப்பு அதற்கு வெளியிலிருந்து வந்து சேர வேண்டும்.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, பாரிஸில் இளம் துறவியாக இருந்த தாமஸ் அக்வினாஸ் இதே விஷயத்துக்கு ஃபீனிக்ஸ் பறவையை உதாரணமாக எடுத்தார். சாம்பலிலிருந்து எழும் அந்தப் பறவை என்ன என்று நமக்குத் தெரியும். அது இருக்கிறதா என்பது வேறு விஷயம். புனைவு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் கதாபாத்திரங்கள் எல்லாம் ஃபீனிக்ஸ் பறவைகள்தானே. அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அவர்களை இருக்கச் செய்வதுதான் பாடு.

'விவரங்களைக் கூட்டினால் இருப்பு வந்துவிடும்' என்று பல சிறுகதைப் பட்டறைகளில் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். காண்ட் 1781இல் வெளியிட்ட நூல் இதைக் கலைத்துவிடுகிறது. கையில் இருக்கும் நூறு நாணயத்துக்கும் கற்பனையில் இருக்கும் நூறு நாணயத்துக்கும் உள்ளடக்கத்தில் ஒரு காசு வித்தியாசம்கூட இல்லை என்கிறார். வித்தியாசம் என் சட்டைப் பையில்தான் தெரியும். அதாவது, இருப்பு என்பது பட்டியலில் சேரும் இன்னொரு குணம் அல்ல. அந்த அப்பாவுக்கு ஒரு வேலை, ஒரு மச்சம், ஒரு பழைய மோட்டார் சைக்கிள் என்று கொடுத்துக்கொண்டே போகலாம். பட்டியல் நீளும், அப்பா வரமாட்டார். நான் இளைஞரிடம் கேட்ட கேள்வியே அரைகுறை.

அப்படியென்றால் எழுத்தில் இருப்பு எப்படி வருகிறது? இதற்குப் பதில் சார்த்தரின் உரையில் கிடைக்காது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1938இல் வந்த அவருடைய 'குமட்டல்' நாவலில் இருக்கிறது.

வேர்

'குமட்டல்' நாவலின் ரோகாந்தான், பூவில் என்ற கற்பனை நகரத்தில் தங்கி ஒரு பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவன். ஒரு மாலை பூங்காவில் உட்கார்ந்திருக்கும்போது காலடியில் ஒரு செஸ்ட்நட் மரத்தின் வேர். திடீரென்று அது 'வேர்' என்ற சொல்லைக் கழற்றிப் போட்டுவிடுகிறது. வேர் என்பது நீரை உறிஞ்சும் உறுப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த விளக்கம் பொதுவாக வேர் என்றால் என்ன என்பதைத்தான் சொல்கிறது. கருப்பாக, முடிச்சு முடிச்சாக அவன் முன்னால் கிடக்கும் இந்த வேரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வட்டத்தை முழுமையாக விளக்கிவிடலாம், அதனால்தான் வட்டம் இருப்பதில்லை. வேர் இருக்கிறது, ஏனென்றால் அதை விளக்க முடியவில்லை. எல்லா விளக்கத்துக்கும் மேலே அது அதிகப்படியாக நிற்கிறது.

அதிகப்படி. நான் தேடிக்கொண்டிருந்த சொல் இதுதான். காண்ட் சொல்வதுபோல இருப்பு ஒரு குணம் அல்ல என்றால், எழுத்தில் அதைக் குணங்களால் உண்டாக்க முடியாது. ஆனால் ஒரு பாத்திரம் தனக்காக நாம் எழுதிவைத்த விளக்கத்தை மீறும் இடத்தில், விளக்கம் போதவில்லை என்று வாசகர் உணரும் இடத்தில், இருப்பின் உணர்வு உண்டாகிறது. எந்த விவரமும் இதைச் செய்யாது. பாத்திரத்தின் சாரத்தோடு ஒத்துப்போகும் விவரம் சாரத்தை மேலும் கெட்டியாக்கும். ஒத்துழைக்க மறுக்கும் விவரம்தான் அதில் கீறல் போடும்.

நாவலே இதைச் செய்துகாட்டுகிறது. நூலகத்தில் உள்ள புத்தகங்களை ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் படித்து முடிக்க நினைக்கும் ஒரு பாத்திரம் வருகிறது. தானே கற்றவர் என்று மட்டுமே அவரைக் குறிப்பிடுகிறார்கள். மனிதகுலத்தையே நேசிப்பதாகச் சொல்லும் அசட்டு மனிதர். நாவலின் பெரும்பகுதியில் அவர் ஒரு கேலிச்சித்திரம்தான். கடைசியில் நூலகத்தில் அவர் செய்யும் ஒரு தகாத செயல் அம்பலமாகிறது. காவல் ஊழியர் அவர் மூக்கில் குத்துகிறார். மனிதநேயப் பேச்சை இத்தனை நாள் வெறுத்த ரோகாந்தான்தான் அந்த ஊழியரின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். ஒரே காட்சியில் இரண்டு பேரும் தங்கள் சாரத்திலிருந்து வழுவுகிறார்கள். தானே கற்றவர் இனி அசடு மட்டுமல்ல. நமக்கு அருவருப்பும் இரக்கமும் சேர்ந்தே வருகின்றன, எதை வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. அப்போதுதான் அவர் இருக்கிறார்.

அதே நாவலில் நகர அருங்காட்சியகக் காட்சியும் உண்டு. சுவரெல்லாம் ஊர்ப் பெரிய மனிதர்களின் ஓவியங்கள். வாழ்வதற்கு உரிமைப் பத்திரம் வாங்கிவந்தவர்கள்போல் நிற்கிறார்கள். முழுக்க முழுக்கச் சாரம், துளி இருப்பு இல்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாவலின் முடிவில் ரோகாந்தான் ஒரு ஜாஸ் பாடலைக் கேட்கிறான். இசைத்தட்டு உடைந்தாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது இருப்புக்கு அப்பால் இருக்கிறது என்று நினைக்கிறான். அதுபோல ஒரு நூலை எழுதித் தன் வாழ்க்கையைக் கொஞ்சம் சுத்தப்படுத்திக்கொள்ளலாம் என்று ஆசைப்படுகிறான். வேரின் முன் நடுங்கியவன் மறுபடி வட்டத்துக்கே ஓடுகிறான். எனக்கு இந்த முடிவு பின்வாங்கலாகவே படுகிறது. ஆனால் நேர்மையான பின்வாங்கல். சாரத்தின் மேல் மனிதனுக்கு இருக்கும் ஏக்கத்தை நாவல் மறைக்கவில்லை. 1945இன் உரை மறைத்துவிட்டது. அதனால்தான் உரை கோஷமாகிப் போனது, நாவல் இன்னும் தொந்தரவு செய்கிறது.

தீயில் போட்ட புத்தகங்கள்

1947இல் வெளியான கடிதம் ஒன்றில் ஹைடெகர் சார்த்தரை மறுத்தார். பழைய வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் அது அதே பழைய தத்துவத்தின் வாக்கியம்தான் என்பது அவர் வாதம். புரட்டிப் போட்டதில் சார்த்தர் முதல் ஆளும் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் முல்லா சத்ரா, சாரமே மெய் என்ற தன் ஆசிரியரின் நிலைப்பாட்டிலிருந்து விலகி, இருப்பே மெய், சாரங்கள் மனம் அதில் போடும் கோடுகள் என்றார். அவர் பேசியது மனிதச் சுதந்திரத்தை அல்ல. எல்லாப் பொருளிலும் செறிவாகவும் மெலிதாகவும் பரவியிருக்கும் இருப்பைப் பற்றி.

இது நமக்கு எங்கோ நடந்த விவாதம் அல்ல. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், அச்சேயில் இதற்காகப் புத்தகங்கள் எரிந்திருக்கின்றன. ஹம்சா ஃபன்சூரி மலாய் மொழியில் இருப்பைப் பற்றிக் கவிதையும் உரைநடையும் எழுதியவர். 1637இல் அச்சேக்கு வந்த நூருத்தீன் அர்-ரானிரி, சுல்தான் இஸ்கந்தர் தானியின் ஆதரவோடு, அந்த மரபைப் பின்பற்றியவர்களை வழிதவறியவர்கள் என்று அறிவித்தார். நூல்கள் தீயிலிடப்பட்டன. உயிர்களும் போயின. மெய்யான இருப்பு இறைவனுடையது மட்டுமே என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த இருப்புக்கும் உலகத்தின் இருப்புக்கும் என்ன உறவு என்பதைச் சொல்லும் விதத்தில்தான் பிளவு. ஹம்சாவை ரானிரி தவறாகப் புரிந்துகொண்டார் என்று சையத் முகமட் நகிப் அல்-அத்தாஸ் 1966இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார். தவறான வாசிப்புக்கு எவ்வளவு விலை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்தச் சண்டையின் மையச் சொல் 'வுஜுட்'. தேசிய மொழித் தேர்வில் 'மெவுஜுட்கான்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். அரபியில் அதன் வேருக்குக் 'கண்டடைதல்' என்று பொருள். இருப்பது என்றால் கண்டடையப்படுவது. கத்தியைப்போலச் செய்யப்படுவது அல்ல. எழுத்தாளனுக்கு எது பொருந்தும்? எனக்குச் சந்தேகமில்லை. பாத்திரத்தைச் செய்கிறவன் சாரத்திலிருந்து தொடங்குகிறான். கண்டடைகிறவன் தடுக்கி விழுகிறான்.

தமிழிலும் இந்தப் பாகுபாடு சொல்லிலேயே இருக்கிறது. தன்மை என்றால் ஒன்று என்னவாக இருக்கிறது என்பது. உண்மை என்ற சொல்லுக்குப் பழைய பொருள் உளதாம் தன்மை. அதற்கு எதிர்ச்சொல் இன்மை. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் முதல் மூன்று சூத்திரங்கள் உண்டு என்பதை நிறுவுகின்றன, அடுத்த மூன்றுதான் இலக்கணம் சொல்கின்றன. உடனே 'சார்த்தருக்கு எழுநூறு வருஷம் முன்னாடியே நம்மாளு சொல்லிட்டாரு' என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது வேறு கேள்விக்கான வேறு ஒழுங்கு. நான் சொல்வது இதுதான்: 'உண்மையான கதை' என்று நாம் சொல்லும்போது நடந்த கதை என்று பொருள்கொள்கிறோம். உள்ள கதை என்றும் பொருள்கொள்ளலாம்.

ஆயா

என் தவறு. பத்து ஆண்டுகளுக்கு முன் ஆயாவைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பால்மரக்காடு, விடியற்காலை இருட்டு, கொசு, பிரட்டுக்களம், முதுகு வளைந்த ஒரு பெண். இறுதியில் அவள் மரத்தோடு மரமாகிப் போகிறாள். ஒரு போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்தது. அம்மா படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான்டா எழுதியிருக்க. ஆனா இது நம்ம ஆயா இல்லியே. யாரோ ஒரு ஆயா."

நிஜ ஆயா நாலு நம்பர் எடுப்பார். கனவுக்கு நம்பர் பார்க்கும் சின்னப் புத்தகம் ஒன்று தலையணைக்கு அடியில் இருக்கும். யாராவது இறந்த செய்தி வந்தால் முதலில் கேட்பது, "வண்டி நம்பர் என்னா?" பி. ரம்லி படம் போட்டால் சமையல் அப்படியே நிற்கும். பால்மரத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கேட்டால், "அதுல என்னா இருக்கு, நாத்தம்" என்பார். இவை எல்லாம் எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். 'பால்மரத் தாய்'க்கு நாலு நம்பர் ஒத்துவராது.

இன்னொன்றும் விட்டிருந்தேன். ஆயாவிடம் கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. நீலத்துக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப்போனபோது முகப்பில் இருந்தவர் அவரைப் பார்க்காமல் எங்களைத்தான் கேட்டார்: எங்கே பிறந்தவர், எந்தப் பத்திரம், என்ன ஆதாரம். ஆயா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் என்ன என்பது முடிவானால்தான் அவர் இருப்பதை ஒப்புக்கொள்வார்கள். அந்த முகப்பின்மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. என் கதையும் அவரை அப்படித்தான் நடத்தியது என்று புரிய இன்னும் வெகுகாலம் ஆனது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தோட்ட வாழ்க்கையை எழுதிய முன்னோடிகள் வகைமாதிரிகளை எழுதியதற்குக் காரணம் இருந்தது. கணக்கேட்டில் வெறும் கூலியாக இருந்தவர்களுக்கு ஒரு பொது முகம் தேவைப்பட்டது. 'நாங்கள் இருக்கிறோம்' என்று ஒரு சமூகம் சொல்ல அந்த முகம் உதவியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முகத்தையே மூன்றாம் தலைமுறையும் நகலெடுத்தால், பூவில் அருங்காட்சியகத்தைத்தான் நாமும் கட்டுகிறோம். அங்கே கனவான்களின் ஓவியங்கள், இங்கே பாதிக்கப்பட்டவர்களின் ஓவியங்கள். குடிகார அப்பா, தியாக அம்மா, கெட்ட மண்டோர், லயத்தை விட்டு வெளியேறும் படித்த மகன். எல்லோரும் சட்டகத்துக்குள் கச்சிதமாக நிற்கிறார்கள். தனிமையில் சிகரெட் பிடிக்கும் நவீன அப்பா அந்த வரிசையில் புதிதாக மாட்டப்பட்ட ஓவியம், அவ்வளவுதான்.

கலந்துரையாடல் முடிந்து ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்கும்போது அந்த இளைஞரிடம் மறுபடி பேச்சுக்கொடுத்தேன். வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்க அப்பா செய்றதுல ஒங்களுக்குப் புரியாத விஷயம் ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஃபேக்டரில கார்டு வேலைண்ணே. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னமும் ஞாயித்துக்கிழமை ராத்திரி யூனிஃபார்மை அயர்ன் பண்ணி மாட்டி வெக்கிறாரு. ஏன்னு கேட்டா கோவப்படுறாரு."

"அத ஏன் கதையில எழுதல?"

"தனிமைக்கு அது செட் ஆகலண்ணே."

சிரித்துவிட்டோம். கதையைத் திரும்ப எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் ஆயாவை மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை முதல் வரியிலேயே ஒரு சாவுச் செய்தி வருகிறது. ஆயா வண்டி நம்பர் கேட்கிறார்.